மொழியாசிரியருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையா? சேரும் முன் பார்க்க வேண்டியவை

மொழி கற்பிக்கத் தொடங்கிய எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள்: இதற்கென்று ஒரு பட்டம் படிக்கலாமா, இல்லை இருப்பதை வைத்தே ஓட்டலாமா? தெரிந்தவர்களிடம் கேட்டால் குழப்பம்தான் கூடும். படித்தவர் "கண்டிப்பாகப் படி" என்பார். படிக்காதவர் "அதெல்லாம் வீண் செலவு" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்க்கும் வேலையை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். நீங்கள் பார்க்கப்போகும் வேலை வேறாக இருக்கலாம்.

அதனால் பட்டம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை விட்டுவிடுங்கள். உங்களிடம் பட்டத்தைக் கேட்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கு தரப்பினர்தான் கேட்பார்கள்: விசா கொடுக்கும் அரசு, வேலை கொடுக்கும் நிறுவனம், சம்பளப் படிநிலையை வகுக்கும் விதிமுறை, அப்புறம் நீங்களே. முதல் மூவரும் கேட்பது ஒரு தாள். என்ன தாள், எந்த மட்டம், யார் கொடுத்தது என்பதை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். நான்காவது ஆள் கேட்பது மட்டும்தான் அறிவு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு சேர்பவர்கள்தான் பாதி வழியில் "எதற்கு இதைப் படிக்கிறேன்" என்று திணறுகிறார்கள்.

முதல் படி: எந்த வகுப்பறை?

மொழியாசிரியர் என்ற ஒரே பெயருக்குள் பல வேலைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு வேண்டியது மற்றொன்றுக்கு வேண்டாம்.

ஆன்லைனில் ஒருவருக்கு ஒருவர் என்று சொல்லிக்கொடுக்கப் பட்டம் பெரும்பாலும் தேவையில்லை. ஐடாக்கி போன்ற தளங்களில் ஆசிரியர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். தொழில்முறை ஆசிரியர் என்ற பிரிவில் சேரச் சான்றிதழோ கல்வித் தகுதியோ காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சி தரும் பயிற்றுநர் பிரிவுக்கு அது வேண்டாம். அந்தத் தளங்களில் மாணவர்கள் பார்ப்பது அறிமுகக் காணொளியையும் பிற மாணவர்கள் எழுதிய கருத்துகளையும்தான். அங்கேயே காலத்தை ஓட்டப்போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

தனியார் மொழிப் பயிற்சி நிறுவனங்கள் ஒரு நடு நிலம். ஆங்கிலம் கற்பிக்கும் நிறுவனங்களில் பல முதலில் தேடுவது செல்டா அல்லது டிரினிட்டி செர்ட்டெசோல் என்ற குறுகிய காலச் சான்றிதழை. முதுகலைப் பட்டம் இருந்து அந்தச் சான்றிதழ் இல்லாதவரைவிட, சான்றிதழ் மட்டும் இருப்பவருக்கு முதல் வேலை எளிதாகக் கிடைப்பதுண்டு. வகுப்பில் நின்று கற்பித்ததை யாரோ பார்த்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

பள்ளிக்கூடம் முற்றிலும் வேறு. அரசுப் பள்ளிகளில் வழக்கமாகப் பட்டமும் ஆசிரியர் உரிமமும் சேர்ந்தே வேண்டும். அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளுக்கு இளங்கலைப் பட்டத்தோடு அந்தந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். இங்கு மொழியியல் முதுகலை படித்தவர் உரிமம் இல்லாமல் வெளியே நிற்கவும் கூடும், சாதாரண இளங்கலையும் உரிமமும் உள்ளவர் உள்ளே போகவும் கூடும். பள்ளிதான் உங்கள் குறி என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆசிரியப் பயிற்சிப் படிப்பை. மொழியியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகத்தில் கற்பிக்க முதுகலை என்பது நுழைவுச்சீட்டு. நிரந்தரப் பணி, ஆராய்ச்சி என்றால் முனைவர் பட்டம். இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

குடியேறி வந்தவர்களுக்கு நாட்டு மொழியைக் கற்பிக்கும் வகுப்புகள் இன்னொரு வகை. ஜெர்மனியில் குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்புகளில் கற்பிக்க, குடியேற்றம் மற்றும் அகதிகளுக்கான கூட்டாட்சி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஜெர்மனை அயல்மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிப்பதில் பட்டம் இருந்தால் நேரடி அனுமதி கிடைக்கும். வேறு துறைப் பட்டம் என்றால் கூடுதல் தகுதிப் பயிற்சி ஒன்றை முடிக்கச் சொல்வார்கள். இங்கே பட்டத்தின் பெயரே கணக்கில் வருகிறது.

இந்த வேலைகளில் அடுத்த ஐந்தாண்டுக்கு உங்களுக்கு எது என்று ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை முழுவதற்கும் தீர்மானிக்க வேண்டாம். ஐந்தாண்டு போதும்.

இரண்டாம் படி: விளம்பரங்களைச் சேகரியுங்கள்

நீங்கள் உண்மையிலேயே போக விரும்பும் இருபது வேலைகளின் விளம்பரங்களை எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் கட்டாயம் என்று சொல்வது எது, இருந்தால் நல்லது என்று சொல்வது எது என்று இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இருபதில் பதினைந்து விளம்பரங்கள் முதுகலையைக் கட்டாயப் பத்தியில் வைத்திருந்தால் விவாதத்துக்கு இடமில்லை. இருந்தால் நல்லது பத்தியிலேயே திரும்பத் திரும்ப வந்தால், அங்கே அனுபவம் அதை ஈடுகட்டும் என்று பொருள்.

"பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி" என்று எழுதியிருந்தால் கடந்து போய்விடாதீர்கள். அந்த "இணையான" என்ற இடத்தில்தான் பலருக்கு வழி இருக்கிறது. ஆங்கிலத் துறையில் செல்டாவுக்கும் செர்ட்டெசோலுக்கும் அடுத்த மேல்நிலைத் தகுதிகளான டெல்டா, டிப்டெசோல் இரண்டும் பிரிட்டனின் தகுதிச் சட்டகத்தில் 7ஆம் மட்டம். அதாவது முதுகலைக்கு உரிய மட்டம். நிறுவனத்தில் மூத்த ஆசிரியர், பாடத் தலைவர், ஆசிரியப் பயிற்றுநர் என்று மேலே போக நினைப்பவர்களிடம் முதுகலையைவிட டெல்டாவைக் கேட்கும் இடங்களும் உண்டு.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஆள் எடுப்பவருக்கே ஒரு வரி எழுதிக் கேட்கலாம். "என்னிடம் இன்ன தகுதி இருக்கிறது, விண்ணப்பித்தால் பரிசீலிப்பீர்களா?" பதில் வராவிட்டால் நட்டமில்லை. வந்தால், படிப்பை விற்கும் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தைவிட அது நம்பகமானது.

மூன்றாம் படி: விசா விதியைத் தனியாகப் பாருங்கள்

வெளிநாட்டில் கற்பிக்கும் எண்ணம் இருந்தால், நிறுவனம் கேட்பது ஒன்று, குடியேற்றத் துறை கேட்பது இன்னொன்று. நிறுவனம் உங்களைப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டாலும், தாள் இல்லாவிட்டால் விசா அலுவலகம் விடாது. பட்டம் படிக்கலாமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை கிடைக்கும் இடம் இதுதான்.

வெளிநாட்டவரை அழைத்துவரும் ஜப்பானின் ஜெட் திட்டம் 1987இல் தொடங்கியது. பள்ளிகளில் துணை மொழியாசிரியராகப் போக இளங்கலைப் பட்டம் வேண்டும், ஆனால் எந்தத் துறை என்பது பொருட்டில்லை. வேதியியலும் சரி, வரலாறும் சரி. அயல்மொழி கற்பிப்பவர்களுக்கான தென்கொரியாவின் இ-2 விசா பட்டத்தோடு நிற்காது. ஆங்கில ஆசிரியர்களுக்குக் குடியுரிமையையும் பார்க்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்குத்தான் பொதுவாக அந்த வழி திறந்திருக்கிறது. வேறு நாட்டவர் எத்தனை முதுகலை வாங்கினாலும் இந்தப் பூட்டு அதனால் திறக்காது. இப்படிப்பட்ட இடங்களில் பட்டத்தைத் தீர்வாக நினைத்துப் பணம் கட்டுவதுதான் மிகக் கொடுமையான வீண். குடியுரிமை, வயது, தாய்மொழி என்று பட்டத்துக்கு அப்பாற்பட்ட நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சில நாடுகள் தங்கள் மொழியைக் கற்பிப்பவர்களுக்குப் பட்டத்தைச் சாராத தகுதியை வகுத்திருக்கின்றன. ஜப்பான் 2024 ஏப்ரல் முதல் பதிவுபெற்ற ஜப்பானிய மொழியாசிரியர் என்ற தேசியத் தகுதியைக் கொண்டுவந்தது. அதற்கான தேர்வு எழுதப் பட்டம் கட்டாயமில்லை. தேர்வோடு நடைமுறைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். கொரிய மொழியாசிரியர் தகுதி மூன்று நிலைகளில் இருக்கிறது. கொரிய மொழிக் கல்வியை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டம் வழியாக வந்தால் 2ஆம் நிலையில் நுழையலாம். 120 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்து வந்தால் 3ஆம் நிலை. அங்கிருந்து அனுபவத்தால் மேலே ஏறலாம். ஒரே இடத்துக்கு இரண்டு பாதை, வேகம்தான் வேறு.

இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் இருப்பதே செல்லும். நான் இங்கே சொன்னதை வைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

நான்காம் படி: கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

பள்ளிப் படிப்போடு நிற்பவரின் கேள்வியும், பொறியியலோ வணிகவியலோ முடித்துவிட்டு மொழி கற்பிக்க வந்தவரின் கேள்வியும் ஒன்றல்ல.

இளங்கலையே இல்லாதவருக்கு என் பதில் பெரும்பாலும் "படியுங்கள்" என்பதுதான். காரணம் கற்பித்தலே அல்ல. விசா, உரிமம், முதுகலைச் சேர்க்கை என்று பின்னால் வரும் ஏறக்குறைய எல்லாக் கதவும் முதலில் கேட்பது ஓர் இளங்கலையை. வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பல்கலைக்கழகங்கள் இதற்காகவே இருக்கின்றன. 1969இல் நிறுவப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 முதல் இதைச் செய்கிறது. துறை எதுவாக இருக்கலாம் என்றால், மொழியியல், மொழி, கல்வியியல் மூன்றில் ஒன்று வசதி. ஆனால் வேறு ஒரு துறையில் மூன்றில் இரண்டு பங்கு முடித்து நிறுத்தி வைத்திருந்தால் அதையே முடியுங்கள். பாதிப் பட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது தேவையில்லாத வேலை.

இளங்கலை கையில் இருப்பவர், துறை வேறாக இருக்கிறதே என்று இன்னொரு இளங்கலைக்குப் போக வேண்டாம். சான்றிதழ், ஆசிரியப் பயிற்சிப் பட்டம், முதுகலை என்று மேலே போகிற வழிகள்தான் உங்களுக்கு. மொழி கற்பித்தலில் முதுகலை தரும் பல துறைகள் வேறு துறைப் பட்டதாரிகளையும் எடுத்துக்கொள்கின்றன. அனுபவம் இருந்தால் இன்னும் எளிது.

இலக்கிய முதுகலை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. காப்பியம், நாவல், திறனாய்வு என்று படித்தது அருமையான படிப்பு. ஆனால் தொடக்கநிலை மாணவருக்கு இறந்தகாலத்தை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துவது என்பதற்கு அதில் விடை இருக்காது. அயல்மொழி கற்பித்தல் பணிகளுக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் அது தெரியும்.

ஐந்தாம் படி: சேரும் முன் கற்பித்துப் பாருங்கள்

யாரும் கேட்க விரும்பாத ஆலோசனை இது. ஆனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மொழி கற்பித்தலில் முதுகலை படிப்பதற்கு முன் ஓராண்டாவது கற்பித்திருக்க வேண்டும். சில முதுகலைத் திட்டங்கள் இரண்டாண்டு அனுபவத்தை நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன, அதில் நியாயம் இருக்கிறது. வகுப்பில் நின்று பார்க்காதவருக்கு அந்தப் படிப்பின் பாதிக் கேள்விகள் கேள்வியாகவே தோன்றாது. முன் வரிசையில் மூன்று பேர் மட்டும் பேசுகிறார்கள், மற்றவர்களைப் பேசவைப்பது எப்படி என்று திண்டாடியவருக்கு, வகுப்பறை உரையாடல் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரை தீனி. அந்தத் திண்டாட்டம் இல்லாதவருக்கு அது மனப்பாடம்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது கற்பித்தால்தான் தெரியும். மொழியை நேசிப்பதும் மொழியைக் கற்பிப்பதை நேசிப்பதும் வெவ்வேறு. அதே "என் பெயர்" பாடத்தை ஆண்டுக்கு எட்டு முறை, எட்டாவது முறையும் முதல் முறை போல நடத்த வேண்டும். சிலருக்கு இது அலுக்கவே அலுக்காது. சிலருக்கு இரண்டாவது முறையே கசந்துவிடும். அவர்கள் மொழிபெயர்ப்பு, அகராதிப் பணி, பதிப்பு என்று போவது நல்லது, அங்கேயும் ஆள் தேவை.

எப்படித் தொடங்குவது? ஆங்கிலம் என்றால் செல்டா ஒரு நல்ல சோதனை. குறைந்தது 120 மணி நேர வகுப்பு, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு நீங்களே கற்பிக்க வேண்டும், அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை 6 மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நான்கு எழுத்துப் பணிகள். முழுநேரமாக நான்கைந்து வாரம். பட்டம் கட்டாயமில்லை, ஆங்கிலத்தில், மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் சி1 என்ற உயர்நிலை அளவாவது இருக்க வேண்டும். டிரினிட்டி சான்றிதழில் ஒரு சுவையான பகுதி உண்டு: உங்களுக்குக் கொஞ்சமும் தெரியாத ஒரு மொழியை மாணவராக உட்கார்ந்து கற்க வேண்டும். தொடக்கநிலை மாணவர் எப்படி விழிப்பார் என்பது அப்போதுதான் உறைக்கும். பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸும் பிரான்சின் தொலைநிலைக் கல்வி மையமும் சேர்ந்து நடத்தும் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. ஜெர்மனுக்குக் கோத்தே நிறுவனத்தின் ஆசிரியர் பயிற்சித் தொடர் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 120 மணி நேரம் என்று போட்டு, ஒரு மாணவரைக்கூடக் கண்ணால் பார்க்காமல், வார இறுதியில் கேள்விகளுக்கு டிக் அடித்தே முடித்துவிடக்கூடிய ஆன்லைன் சான்றிதழ்கள் நிறைய விற்கின்றன. சில விசாக்களுக்கு அவை செல்லலாம். உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பதை அவை சொல்லாது. கவனித்து மதிப்பிடப்பட்ட கற்பித்தல் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பூச்சியம் என்றால் அது வெறும் தாள் என்று தெரிந்தே வாங்குங்கள்.

பிற மொழிகளுக்கு இப்படிப்பட்ட சான்றிதழ் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் போகலாம். அப்படியானால் இரண்டு மூன்று மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் நடத்துங்கள். அனுபவமுள்ள ஓர் ஆசிரியரை வகுப்பில் உட்காரவைத்து, பார்த்ததை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பட்டம் எதைச் சொல்லித்தரும்?

தாளை விட்டுவிட்டு நான்காவது ஆளுக்கு, அதாவது உங்களுக்கு, வருவோம்.

தாய்மொழியாகப் பேசுவதால் மட்டும் ஒரு மொழியை விளக்கிவிட முடியாது. தமிழ் கற்கும் ஒருவர், "நான் விரும்புகிறேன் என்கிறீர்கள், அப்படியென்றால் நான் பிடிக்கும் என்று ஏன் சொல்லக் கூடாது, ஏன் எனக்குப் பிடிக்கும்?" என்று கேட்டால் தமிழர்களில் பெரும்பாலோர் "அது அப்படித்தான்" என்பார்கள். மொழியியல் படித்தவருக்குத் தெரியும்: தெரிதல், பிடித்தல், பசித்தல், வலித்தல் என்று அனுபவத்தைக் குறிக்கும் வினைகளில் அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமையில் வருவார், எழுவாயாக அல்ல. இதைக் கண்டுகொண்டால் அந்த வினைகளை எல்லாம் ஒரே பாடமாகக் கட்டிக் கொடுக்கலாம்.

அடுத்து, மாணவரின் பிழையைப் பார்க்கும் கண். பேசினேன், வாங்கினேன் என்று கற்றவர் "படிக்கினேன்" என்று சொன்னால் பழகாத ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்று திருத்திவிட்டுப் போவார். மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் முன்வைத்த கருத்து இதைத் திருப்பிப் போட்டது: பிழைகள் மாணவரின் மனத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் விதியைக் காட்டுகின்றன. "படிக்கினேன்" என்பவர் ஒரு விதியைப் பிடித்துவிட்டார், அதன் எல்லையை இன்னும் பிடிக்கவில்லை. திருத்தும் முறையே இதனால் மாறிவிடும். 1972இல் லாரி செலிங்கர் இந்த இடைப்பட்ட நிலைக்கு இடைமொழி என்று பெயர் வைத்தார்.

கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குழந்தைகளைப் பற்றி மெரில் ஸ்வெயின் செய்த ஆய்வும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டுப் படித்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. கேட்பது மட்டும் போதாது, மாணவர் தானாக மொழியை உருவாக்க வேண்டும் என்று 1985இல் அவர் வாதிட்டார். இதைப் படித்த ஆசிரியர் தன் வகுப்பில் தான் எவ்வளவு நேரம் பேசுகிறோம் என்று கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

தேர்வுத்தாள் தயாரிப்பது, பாடத்திட்டம் வகுப்பது, பாடநூலை விமர்சனத்தோடு படிப்பது, ஆய்வு முடிவு ஒன்றை நம்பலாமா என்று எடைபோடுவது, இவையும் பட்டத்தில் கிடைக்கும். பட்டம் இல்லாமலும் படிக்கலாம்தான். ஆனால் தனியாகப் படிப்பவர் தனக்குப் பிடித்ததையே படிப்பார். மதிப்பீடும் புள்ளியியலும் யாருக்கும் தானாகப் பிடிப்பதில்லை.

கிடைக்காதது என்ன என்று கேட்டால், வகுப்பை நடத்தும் கை. முதுகலைகளில் பலவற்றில் கற்பித்தல் பயிற்சியே கிடையாது, இருந்தாலும் விருப்பப் பாடமாக ஒரு மூலையில் இருக்கும். தூங்கி வழியும் மாலை வகுப்பை எழுப்புவது, கோபத்தோடு வந்த மாணவரை அமர்த்துவது, திட்டமிட்ட பாடம் பத்து நிமிடத்தில் குலைந்துபோனால் மீதி நேரத்தை நிரப்புவது, இதெல்லாம் வகுப்பில்தான் வரும். பட்டம் வாங்கினால் தன்னம்பிக்கை வரும் என்று எண்ணிச் சேர்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவர்களுக்குத் தேவை பெரும்பாலும் இன்னும் நூறு மணி நேர வகுப்பும், பார்த்துத் திருத்தும் ஒருவரும்தான்.

ஏழாம் படி: நேரமும் பணமும்

பிரிட்டன் முறையில் ஒரு முதுகலை 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆக 1800 மணி நேரம். முழுநேரமாக ஓராண்டில் முடித்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 35 மணி நேரம், இது ஒரு முழு வேலை. பகுதிநேரமாக இரண்டாண்டு என்றால் வாரத்துக்கு 17 மணி நேரம், அதாவது விடுமுறையே இல்லாமல் தினமும் இரண்டரை மணி நேரம். "வேலை பார்த்துக்கொண்டே எளிதாகப் படிக்கலாம்" என்ற விளம்பர வரியை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். வாரத்துக்கு இருபத்தைந்து பாடவேளை நடத்தி, அதற்குத் தயாரித்து, தாள் திருத்தி, அதற்கு மேல் இது. முடியாதென்று சொல்லவில்லை. மூன்றாண்டாக நீட்டிக்க அனுமதிக்கும் திட்டமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கில் கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். படிக்கும் காலத்தில் விட்டுப்போகும் சம்பளத்தையும் சேருங்கள். கூட்டிய தொகையை, பட்டத்தால் ஆண்டுக்குக் கூடும் சம்பளத்தால் வகுங்கள். எத்தனை ஆண்டில் போட்டது திரும்பும் என்று தெரிந்துவிடும். படிநிலைச் சம்பளம் உள்ள பள்ளி, பல்கலைக்கழகங்களில் இந்த எண் சிறியதாக வரும். மணிக்கணக்கில் சம்பளம் தரும் தனியார் நிறுவனங்களில் பல முதுகலைக்கென்று தனியாக எதுவும் தருவதில்லை. அங்கே வகுத்தால் விடையே வராது. அந்த நிலையில் இருப்பவர் கடன் வாங்கிப் படிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அறிவுக்காகத்தான் என்றால் சேமிப்பில் இருந்து, மெதுவாக.

உதவித்தொகை வழிகளையும் தேடுங்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டங்களில் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவும் தரும் இடங்கள் உண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் திட்டத்தின் அயல்மொழித் துணை ஆசிரியர் பிரிவு பட்டம் தராது. ஆனால் ஒரு கல்வியாண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உங்கள் மொழியைக் கற்பித்துக்கொண்டே சில பாடங்களைப் படிக்கலாம். முழுப் பட்டத்துக்கு முன் இப்படி ஓராண்டு கிடைப்பது பெரிய வாய்ப்பு.

எட்டாம் படி: படிப்பைச் சோதித்து எடுங்கள்

இவ்வளவுக்கும் பிறகு "சேரலாம்" என்று வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பயன்பாட்டு மொழியியல் என்பது ஆய்வுப் பக்கம் சாயும். மொழி கற்பித்தல் என்று பெயரிலேயே இருப்பது வகுப்பறைப் பக்கம் சாயும். ஆனால் விதிவிலக்கு ஏராளம். பாடப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். கற்பித்தல் பயிற்சி கட்டாயப் பாடமா? யார் மேற்பார்வை? ஆய்வேட்டுக்குப் பதிலாகப் பாடநூல் தயாரிப்பு போன்ற செயல்திட்டம் செய்யலாமா? உதாரணங்கள் எல்லாம் ஆங்கிலத்தைச் சுற்றியே இருக்குமா, நீங்கள் கற்பிக்கும் மொழியில் பணிகளைச் செய்ய விடுவார்களா? பெரும்பாலான மொழி கற்பித்தல் முதுகலைகள் ஆங்கிலத்தை நினைத்தே வடிவமைக்கப்பட்டவை. வேறு மொழி கற்பிப்பவர் இதைக் கேட்காமல் சேர்ந்தால் ஒவ்வொரு பாடத்தையும் தானே தன் மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

உரிமம் தருகிறதா என்பது இன்னொரு கண்ணி. பிரிட்டனின் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பன்னாட்டுத் தொலைநிலை வடிவத்தை முடித்தால் கல்வித் தகுதி கிடைக்கும். இங்கிலாந்தின் தகுதிபெற்ற ஆசிரியர் நிலை அதனோடு தானாக வராது. அதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

அங்கீகாரத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த நாட்டில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த நாட்டின் அமைப்பில் பாருங்கள். ஐரோப்பாவில் எனிக்-நாரிக் வலையமைப்பு இதற்காகவே இருக்கிறது. ஜெர்மனிக்கு அனாபின் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடலாம். தொலைநிலையில் பெற்ற பட்டத்தைச் சில நாடுகள் வேலை விசாவுக்கு ஏற்பதில்லை, ஆகவே படிக்கும் முறையையும் சேர்த்துக் கேளுங்கள்.

முடித்தவர்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பேசுவதும் அவசியம். "படிப்பு நன்றாக இருந்ததா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "முடித்த பிறகு முன்பு கிடைக்காத எந்த வேலை கிடைத்தது" என்று கேளுங்கள்.

சேர்வதென்றால்

முழுப் பட்டத்துக்கும் ஒரேயடியாகக் கையெழுத்திட வேண்டியதில்லை. பல பல்கலைக்கழகங்களில் இடையில் இறங்கிக்கொள்ள வழி உண்டு: பிரிட்டன் முறையில் 60 கிரெடிட் முடித்தால் முதுநிலைச் சான்றிதழ், 120 முடித்தால் முதுநிலைப் பட்டயம், 180 முடித்தால் முதுகலை. ஒரு பாடத்தை மட்டும் தனியாகப் படித்துவிட்டு, பிறகு அதைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். டெல்டா முடித்தவர்களுக்குச் சில முதுகலைகளில் கிரெடிட் கழித்துக் கொடுப்பார்கள், அதை விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

ஆவணங்களை முதல் நாளே ஒழுங்குபடுத்துங்கள். வெளிநாட்டில் காட்டப்போகும் பட்டத்துக்கு 1961 ஹேக் உடன்படிக்கையின்படி, ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மை என்று சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள். அந்த உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் தூதரகச் சான்றொப்பம். மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டத்தின் விவரம், கற்பித்தல் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று துறை தரும் கடிதம், மூன்றையும் படிப்பு முடியும்போதே வாங்கி வையுங்கள். பத்தாண்டு கழித்துக் கேட்டால் அந்தத் துறையே வேறு பெயரில் இருக்கும். கடவுச்சீட்டில் பெயர் முழுதாகவும் பழைய சான்றிதழில் தலைப்பெழுத்தோடும் இருந்தால், சேர்க்கைப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பட்டம் அச்சாகி வந்த பிறகு பெயரைத் திருத்த அலைவது ஒரு தனிப் படிப்பு.